கதவைத் திறந்தது பற்றாக்குறையா, மேபல் ஸ்டாப்பர்ஸா?

சுங்குவார்_சத்திரம்

அமெரிக்க ராணுவம் கறுப்பின நர்ஸ்களை எப்படிச் சேர்த்துக்கொண்டது என்று பேச்சு வந்தால் எல்லோரும் மேபல் ஸ்டாப்பர்ஸ் பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பெரிய மனுஷி, மறுக்கவில்லை. ஆனால் தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். 1934-ல் கறுப்பின நர்ஸ்கள் சங்கத்தின் நிர்வாகச் செயலாளராக வருகிறார். மனு, கடிதம், சந்திப்பு என்று 10 வருஷம் அலைகிறார். கதவு லேசாக அசைகிறது, அவ்வளவுதான்.

1945 ஜனவரி 6. அதிபர் ரூஸ்வெல்ட் நாடாளுமன்றத்தில் நர்ஸ் போதவில்லை, கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வேண்டும் என்கிறார். இரண்டு வாரம் கழித்து ராணுவத்தின் தலைமை மருத்துவர் நார்மன் கிர்க், இனி நிறம் பார்க்காமல் நர்ஸ்களைச் சேர்ப்போம் என்கிறார். அடுத்த 5 நாளில் கடற்படையும் அதையே சொல்கிறது.

10 வருஷம் அசையாதது 3 வாரத்தில் திறந்துகொண்டது என்றால் திறந்தது யார்? பற்றாக்குறை. ஸ்டாப்பர்ஸ் என்று ஒருவர் பிறக்காமலே இருந்திருந்தாலும் 1945-ல் அது நடந்திருக்கும். போருக்கு ஆள் வேண்டும், அது தோலைப் பார்க்காது. இது என் கட்சி. வாருங்கள்.

பழைய_பேப்பர்

தேதியை வைத்துப் பேசுகிறீர்கள், நல்ல விஷயம். ஆனால் 1934-ல் ஆரம்பித்துவிட்டீர்கள், அங்கேதான் இடிக்கிறது. கொஞ்சம் பின்னால் போங்கள்.

1898, ஸ்பெயினோடு போர். குண்டில் செத்தவர்களைவிடக் காய்ச்சலில் செத்தவர்கள்தான் அதிகம். மஞ்சள் காய்ச்சலும் டைஃபாய்டும் முகாம் முகாமாகத் தின்கிறது. கறுப்பர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் வராது என்று அப்போது ஒரு நம்பிக்கை, வெறும் நம்பிக்கைதான். அதை வைத்துக்கொண்டு வாஷிங்டனில் இருந்த நமஹ்யோகா கர்டிஸ் என்ற கறுப்பினப் பெண்மணியிடம், உங்கள் ஆட்களில் காய்ச்சல் தாங்குகிற பெண்களைத் திரட்டித் தாருங்கள் என்று கேட்கிறார்கள். 32 பேரைத் திரட்டித் தருகிறார். எல்லாம் கான்ட்ராக்ட் வேலை. போர் முடிந்தது, கான்ட்ராக்டும் முடிந்தது. 1901-ல் ராணுவ நர்ஸ் படை என்று நிரந்தர அமைப்பு வந்தபோது அந்த 32 பேரின் வரிசையில் யாருக்கும் அதில் இடமில்லை.

1918. மறுபடியும் பற்றாக்குறை. ராணுவத்துக்கு நர்ஸ் போகிற வழி செஞ்சிலுவைச் சங்கம். அந்த வருஷம்தான் ஃபிரான்சஸ் எலியட் டேவிஸ் என்பவர் அதில் பதிவான முதல் கறுப்பின நர்ஸ் ஆனார். அவருக்குக் கொடுத்த பேட்ஜ் எண் தெரியுமா? 1ஏ. பதிவு எண்ணிலேயே ஒரு எழுத்தை ஒட்டிவிட்டார்கள், பார்த்த உடனே இவர் கறுப்பர் என்று தெரிந்துவிடும். அந்த எழுத்து 1949 வரைக்கும் போகவில்லை. டேவிஸையும் ராணுவத்துக்கு அனுப்பவில்லை.

அப்புறம் இன்ஃப்ளூயன்ஸா வருகிறது. முகாம்களில் கட்டில் போதவில்லை, பார்க்க ஆளில்லை. அப்போதும் உடனே கூப்பிடவில்லை. போர் நவம்பர் 11-ல் நின்றது, டிசம்பரில்தான் 18 கறுப்பின நர்ஸ்களைக் கூப்பிட்டார்கள். ஒஹாயோவில் கேம்ப் ஷெர்மனுக்கு 9 பேர், இல்லினாயில் கேம்ப் கிராண்டுக்கு 9 பேர். வார்டில் வெள்ளைச் சிப்பாய்களையும் பார்த்தார்கள், தங்குவதற்கு மட்டும் தனி இடம். 1919 ஆகஸ்டுக்குள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

ஆக, பற்றாக்குறை என்கிற உங்கள் கதாநாயகன் ஏற்கெனவே இரண்டு முறை வந்து போயிருக்கிறார். இரண்டு முறையும் காய்ச்சல் இறங்கியதும் கதவு சாத்தப்பட்டது. மூன்றாம் முறை மட்டும் ஏன் சாத்தவில்லை என்று சொல்லுங்கள், பிறகு மற்றதைப் பேசலாம்.

புதுசு_2

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 1941-லேயே ராணுவம் கறுப்பின நர்ஸ்களுக்கு 56 இடம் கோட்டா கொடுத்தது என்று எங்கேயோ படித்தேன். அப்படியென்றால் அப்போதே இட ஒதுக்கீடு இருந்திருக்கிறதே, அது நல்லதுதானே? எதற்கு 1945?

கணக்குப்பிள்ளை

தம்பி, அந்த வார்த்தையில்தான் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் சறுக்குகிறோம். நமக்குக் கோட்டா என்றால் இத்தனை பேருக்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும் என்று அர்த்தம். அங்கே இத்தனை பேருக்கு மேல் ஒருத்தர் கூட வரக்கூடாது என்று அர்த்தம். நம்முடையது தரை, அவர்களுடையது கூரை.

56 பேர், முழு ராணுவத்துக்கும். அவர்களையும் வட கரோலைனாவில் ஃபோர்ட் பிராக், லூசியானாவில் கேம்ப் லிவிங்ஸ்டன் என்று இரண்டு இடத்துக்கு அனுப்பினார்கள். அதுவும் கறுப்பினச் சிப்பாய்களுக்கான வார்டுகளில். நாட்டில் அப்போது படித்துப் பதிவு பெற்ற கறுப்பின நர்ஸ்கள் 8,000 பேருக்கு மேல் இருந்தார்கள். பிற்பாடு கூரையை 160-க்கு உயர்த்தினார்கள். கடற்படையில் பூஜ்யம்.

சரி, என் பங்குக்கு நானும் ஒரு கட்சி கட்டுகிறேன். நீங்கள் இரண்டு பேருமே தப்பு. 1945-ல் திறந்ததாகச் சொல்கிறீர்களே, திறந்த பிறகு எத்தனை பேர் உள்ளே போனார்கள்? போர் முடிகிற நேரத்தில் ராணுவ நர்ஸ்கள் 50,000-க்கு மேல், அதில் கறுப்பினத்தவர் சுமார் 500. நூற்றுக்கு ஒன்று. கடற்படை மார்ச் 8-ம் தேதி ஃபிலிஸ் மே டெய்லி என்பவருக்குப் பதவிப்பிரமாணம் செய்துவைத்தது, அப்புறம் மூன்று பேர். மொத்தம் நாலு. கடற்படைக்கே நாலு! ஆகஸ்டில் போர் முடிந்துவிட்டது. இதற்குப் பெயர் வெற்றி என்றால் என் மளிகைக் கடன் கூட அடைந்துவிட்டது என்று எழுதலாம். உண்மையான திருப்பம் 1948, படைகளில் இனப் பாகுபாடு கூடாது என்று அதிபர் ட்ரூமன் போட்ட உத்தரவு.

சுங்குவார்_சத்திரம்

கணக்குப்பிள்ளை சொன்னது எனக்குத்தான் உதவுகிறது. பற்றாக்குறை இருந்தது, கதவு திறந்தது. பற்றாக்குறை ஆகஸ்டில் முடிந்தது, அதனால் நாலு பேரோடு நின்றது. பழைய பேப்பர் சார் சொல்கிற 1898, 1918 இரண்டுமே என் கட்சிக்குச் சாட்சி. தேவை வந்தபோது எடுத்தார்கள், தேவை போனபோது விட்டார்கள். தேவைதான் எஜமான்.

பழைய_பேப்பர்

தேவை எஜமான் என்றால் 1943-ல் எங்கே போயிருந்தார் எஜமான்? நர்ஸ் பற்றாக்குறை அப்போதே பெரிதாக இருந்தது, அதனால்தானே அந்த வருஷம் அரசுப் பணத்தில் நர்ஸிங் படிக்க வைக்கும் கேடட் நர்ஸ் திட்டத்தையே கொண்டுவந்தார்கள். இதில் வேடிக்கை, அந்தச் சட்டத்திலேயே பாகுபாடு கூடாது என்று எழுதியிருந்தது, கறுப்பினப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஒரு கை படிக்க வைக்கிறது, இன்னொரு கை 160-க்கு மேல் வராதே என்கிறது. பற்றாக்குறை தானாக வேலை செய்யும் என்றால் இந்த இரண்டு கையும் எப்போதோ முட்டிக்கொண்டிருக்க வேண்டும். முட்டவில்லை. முட்டவைக்க ஆள் தேவைப்பட்டது.

ஸ்டாப்பர்ஸ் செய்த வேலை அதுதான். பார்படோஸில் பிறந்து சிறுவயதில் நியூயார்க் வந்தவர், குள்ளமான உருவம், சளைக்காத ஆள். 1944 நவம்பர் 3-ம் தேதி அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டை நேரில் பார்த்து, நர்ஸ் இல்லை என்கிறீர்கள், நர்ஸ் வைத்துக்கொண்டு நாங்கள் வாசலில் நிற்கிறோம் என்கிற விஷயத்தை எடுத்துவைத்தார். ஜனவரி ஆரம்பத்தில் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் கூட்டம். அதே கிர்க் மேடையில் ஏறி, கட்டாய ஆள்சேர்ப்பு வேண்டிவரலாம் என்கிறார். கூட்டத்திலிருந்து ஸ்டாப்பர்ஸ் எழுந்து, அவ்வளவு அவசரம் என்றால் கறுப்பின நர்ஸ்களை ஏன் எடுக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறார். அந்த இடத்தில் மனிதருக்குச் சொல்ல என்ன பதில் இருக்கும்?

அப்புறம் ரூஸ்வெல்ட்டின் பேச்சு. சட்டம் வந்தால் வெள்ளைக் குடும்பத்துப் பெண்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக இழுத்துப் போவார்கள், விரும்பி வருகிற கறுப்பினப் பெண்களை வேண்டாம் என்பார்கள். இந்த விஷயத்தை ஸ்டாப்பர்ஸ் ஊர் ஊராகத் தெரியப்படுத்தியிருந்தார். வெள்ளை மாளிகைக்கும் ராணுவத்துக்கும் தந்தி கொட்டியது. அனுப்பியவர்களில் வெள்ளைக்காரர்களும் நிறைய. அந்த மூன்று வாரம் தானாக வந்த மூன்று வாரம் இல்லை சத்திரத்தாரே, பத்து வருஷம் அடுப்பு ஊதிய பிறகு பொங்கியது. கடைசியில் அந்தக் கட்டாயச் சட்டம் நிறைவேறவே இல்லை. ஐரோப்பாவில் போர் முடிந்ததும் கைவிட்டுவிட்டார்கள். சட்டம் போயிற்று, கதவு திறந்தபடி நின்றது. பற்றாக்குறை மட்டும்தான் காரணம் என்றால் அதுவும் கூடவே சாத்தியிருக்க வேண்டும் இல்லையா?

நைட்_டியூட்டி

எல்லாம் ஆபீஸ் கதையாகவே போகிறதே. நான் 31 வருஷம் அரசு மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். வார்டு பக்கம் கொஞ்சம் வாருங்கள்.

அப்படிச் சேர்த்தவர்களை என்ன வேலைக்குப் போட்டார்கள் என்று யாராவது சொன்னீர்களா? நிறையப் பேரை ஜெர்மன் போர்க்கைதிகளைப் பார்க்கப் போட்டார்கள். அரிஸோனாவில் ஃபிளாரன்ஸ் என்ற ஊரில் கைதி முகாம், அங்கே கறுப்பின நர்ஸ்கள். 1944-ல் 63 பேரைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஆகஸ்ட் 15-ம் தேதி ஸ்காட்லாந்தில் கிரீனக் துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது எடுத்த படம் இருக்கிறது. எல்லோரும் சீருடையோடு தொப்பியோடு கப்பல் கம்பிப் பக்கம் வரிசையாக நிற்கிறார்கள், ஏணி இறக்குவதற்குக் காத்துக்கொண்டு. அந்த முகங்களைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலைக்கு வந்திருக்கிறோம் என்கிற எதிர்பார்ப்பு தெரியும். 168-ம் எண் ஸ்டேஷன் ஆஸ்பத்திரியில் அவர்களுக்குக் கொடுத்த நோயாளிகள் ஜெர்மன் கைதிகள்.

சுங்குவார்_சத்திரம்

சிஸ்டர், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதில் என்ன அவமானம்? கைதியும் நோயாளிதானே, யாராவது பார்த்துத்தானே ஆக வேண்டும். அவர்கள் சாதாரணச் சிப்பாய் இல்லை, லெஃப்டினன்ட் பதவியில் இருந்த அதிகாரிகள். வேலை கொடுத்தாலும் குறை, கொடுக்காவிட்டாலும் குறையா?

நைட்_டியூட்டி

கோபம் இல்லை தம்பி. நீங்கள் கேட்டது சரியான கேள்வி, பாதிப் பேர் இதைத் தப்பாகத்தான் பிடிக்கிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், கைதி நோயாளி ஒருத்தன் வார்டில். ஒரு கால் கட்டிலோடு விலங்கு போட்டுப் பூட்டியிருக்கும், பக்கத்தில் ஸ்டூலில் போலீஸ்காரர் தூங்கிக்கொண்டிருப்பார். மற்றொரு காலில் சீழ் வைத்த காயம். டிரெஸ்ஸிங் டிரேயைக் கொண்டுபோய் வைத்து, பழைய கட்டை நனைத்து நனைத்து மெதுவாக உரிக்க வேண்டும், இல்லையென்றால் தோலோடு வந்துவிடும். 20 நிமிஷம் ஆகும். அவன் என்ன செய்துவிட்டு உள்ளே போனான் என்று எனக்குத் தெரியும், வார்டுக்கே தெரியும். அந்தக் காலைத் தொட்டதில் எனக்கு ஒரு அவமானமும் இல்லை. ஆனால் அந்த வேலையை முடித்துவிட்டு டியூட்டி ரூமுக்கு வந்து பார்த்தால் எனக்கு மட்டும் டீ கிளாஸ் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறது என்றால், அது அவமானம்.

ஃபிளாரன்ஸில் நடந்தது அந்த இரண்டாவது விஷயம். அதிகாரி என்று பதவி இருக்கிறது, ஆனால் சாப்பாட்டுக்கூடத்தில் வெள்ளை அதிகாரிகளோடு உட்கார முடியாது. அமெரிக்கச் சிப்பாயோடு சண்டை போட்டுப் பிடிபட்ட கைதி தோல் வெள்ளையாக இருப்பதால், அவனுக்குக் கிடைத்த முகமலர்ச்சி இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அப்புறம் இன்னொன்று. வெள்ளைச் சிப்பாய் அடிபட்டு வந்தால் அவனைத் தொட இந்தக் கை ஆகாது, எதிரி நாட்டுக்காரனைத் தொட மட்டும் ஆகும் என்று ஒரு அரசு தீர்மானித்திருக்கிறது பாருங்கள், அதில் நோயாளிக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ரத்தத்துக்கும் அதே கதைதான், செஞ்சிலுவைக்காரர்கள் கறுப்பர் கொடுத்த ரத்தத்தைத் தனியாகப் பிரித்து வைத்தார்கள், 1950 வரை.

அந்த முகாமில் எலினார் பவல் என்ற நர்ஸும் ஃபிரெடரிக் ஆல்பர்ட் என்ற ஜெர்மன் கைதியும் காதலித்து 1947-ல் நியூயார்க்கில் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஃபிளாரன்ஸ் என்றாலே எல்லோரும் அந்தக் கதையைத்தான் எடுக்கிறார்கள். நல்ல கதைதான், இல்லை என்று சொல்லவில்லை. மற்ற நர்ஸ்கள் அங்கே நாள் முழுக்க என்ன செய்தார்கள் என்பதும் யாருக்காவது நினைவிருந்தால் சரி.

புதுசு_2

சிஸ்டர், அந்த டீ கிளாஸ் விஷயம் உங்களுக்கு நடந்ததா?

நைட்_டியூட்டி

அதை இங்கே எழுத மாட்டேன் கண்ணா.

பழைய_பேப்பர்

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கைதி முகாம் போக மற்ற இடங்களைப் பார்த்தாலும் ஒரே விதிதான், கறுப்பினச் சிப்பாய் எங்கே போகிறானோ அங்கே கறுப்பின நர்ஸ். 1943-ல் லெஃப்டினன்ட் சூசன் ஃப்ரீமன் தலைமையில் 30 பேர் லைபீரியா போனார்கள். வெளிநாடு போன முதல் குழு. அங்கே கறுப்பினப் படைகள் இருந்தன. மலேரியா வாட்டியது, வருஷக் கடைசிக்குள் திரும்பவேண்டியதாயிற்று. நியூ கினியில் மில்னே பே என்ற இடத்தில் 268-ம் ஸ்டேஷன் ஆஸ்பத்திரி, 1944 ஜூனில் எடுத்த ஒரு படம் அங்கிருந்து வந்தது. கட்டிலில் கிடக்கிற சார்ஜென்ட்டைச் சுற்றி மூன்று நர்ஸ்கள், அதில் இரண்டு பேருக்குப் பெயர் இருக்கிறது, மூன்றாமவருக்குக் குறிப்பில் பெயரே இல்லை.

அப்புறம் நம் பக்கம். அசாமில் லேடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்குப் போட்ட சாலை தெரியுமே, லேடோ ரோடு. அதில் வேலை செய்த அமெரிக்கச் சிப்பாய்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். மழை, மண்சரிவு, அட்டை, மலேரியா. அவர்களுக்காக அந்த வழியில் பர்மாவில் டகாப் என்ற மலை இடத்தில் 335-ம் ஸ்டேஷன் ஆஸ்பத்திரி, அங்கேயும் இதே நர்ஸ்கள். அசாம் சரித்திரம் எழுதுகிறவர்கள் சாலையை எழுதுகிறார்கள், எஞ்சினியர் படையைக்கூட எழுதுகிறார்கள். அந்தக் கூடாரத்தில் தெர்மாமீட்டர் பிடித்தவரைப் பற்றி ஒரு வரி பார்த்ததில்லை.

சுங்குவார்_சத்திரம்

எல்லாம் சரி. நான் கேட்ட கேள்வி எங்கே போயிற்று? அவர்கள் பட்ட கஷ்டத்தை நான் மறுக்கவே இல்லை. கதவு திறந்ததன் காரணத்தைத்தான் கேட்டேன். கஷ்டத்தைச் சொல்லிச் சொல்லி என்னை வில்லன் ஆக்காதீர்கள்.

இன்னொன்று. பிரிட்டனில் மேரி சீக்கோல் கதை இருக்கிறதே, ஜமைக்காவில் பிறந்தவர். கிரிமியப் போருக்கு நர்ஸாக அனுப்பக் கேட்டார், எடுக்கவில்லை. சொந்தக் காசில் போய் பாலக்லாவா பக்கம் பிரிட்டிஷ் ஹோட்டல் என்று ஒரு கடை போட்டார். 2016-ல் லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனை வாசலில் சிலை வைத்துவிட்டார்கள். அவர் நர்ஸா கடைக்காரரா என்று இன்றைக்கும் அங்கே சண்டை. நானும் கேட்கிறேன், சாப்பாட்டுக் கடை நடத்தியவரை நர்ஸ் என்று சொல்வது கொஞ்சம் அதிகம் இல்லையா? பின்னால் வருகிறவர்கள் பாசத்தில் எல்லோருக்கும் பட்டம் கொடுத்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு ஒட்டவில்லை.

கணக்குப்பிள்ளை

சீக்கோலைத் தனித் திரியில் வையுங்கள், இல்லையென்றால் இது முடியாது. என் 1948-க்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதைத் தாழ்மையுடன் நினைவூட்டுகிறேன்.

பழைய_பேப்பர்

சொல்கிறேன். ட்ரூமன் உத்தரவு 9981, தேதி 1948 ஜூலை 26. சரியா? ஈடித் டிவோ, அந்தக் கடற்படை நாலு பேரில் ஒருவர், நிரந்தரக் கடற்படைக்குள் போனது 1948 ஜனவரி. ராணுவத்தில் நான்சி லெஃப்டினன்ட் என்ற நர்ஸ் (ஆமாம், பெயரே லெஃப்டினன்ட், பதவியும் லெஃப்டினன்ட், பாவம் எத்தனை பேர் கேலி செய்திருப்பார்களோ) நிரந்தர நர்ஸ் படையில் சேர்ந்தது அதே வருஷ ஆரம்பத்தில். அதுவரைக்கும் கறுப்பின நர்ஸ்களுக்கு இருந்ததெல்லாம் ரிசர்வ், அதாவது வேண்டும்போது கூப்பிட்டு வேண்டாதபோது அனுப்புவது. ஆக உங்கள் உத்தரவுக்கு அரை வருஷம் முன்பே இரண்டு பேர் நிரந்தரமாக உள்ளே. அவர்கள் வந்தது 1945 கதவு வழியாகத்தான். டிவோ அந்த வருஷம் சேர்ந்தவர், நான்சியும் அந்த வருஷம் சேர்ந்தவர்.

உத்தரவு பெரிய விஷயம் இல்லை என்று சொல்லவில்லை. நர்ஸ்கள் அந்த உத்தரவுக்காக உட்கார்ந்து காத்திருக்கவில்லை என்கிறேன்.

கணக்குப்பிள்ளை

ஹும். ஜனவரி என்பது ஜூலைக்கு முன்னால் வருகிறது என்கிற வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பேர் என்பது இன்னும் இரண்டு பேர்தான். என் 500-ம் நாலும் அப்படியே நிற்கிறது. மொத்தமாகக் கணக்கு மாறியது பிறகுதான்.

சுங்குவார்_சத்திரம்

மாறியதா இல்லையா? ஹேசல் ஜான்சன் 1979-ல் ராணுவ நர்ஸ் படைக்கே தலைவர், அமெரிக்க ராணுவத்தில் ஜெனரல் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண். 1987-ல் கிளாரா ஆடம்ஸ் எண்டர், குத்தகை விவசாயி வீட்டுப் பெண், அதே நாற்காலி. உள்ளே விட்டால் திறமை மேலே வரும், அதற்கு யாரும் கூட்டம் போட்டுக் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

நைட்_டியூட்டி

ஹேசல் ஜான்சனை எடுத்தீர்களே, அவரே உங்களுக்குப் பதில். பென்சில்வேனியாவில் அவர் ஊருக்குப் பக்கத்திலேயே நர்ஸிங் பள்ளி இருந்தது, கறுப்பர் என்று சேர்க்கவில்லை. நியூயார்க் போய் ஹார்லெம் மருத்துவமனையில் படித்தார். 1955-ல் ராணுவத்தில் சேர்ந்தார். அப்போது ராணுவக் கதவு திறந்திருந்ததால் சேர்ந்தார். அந்த உள்ளூர்ப் பள்ளியிலும் நல்ல பெண்கள் தேவைப்பட்டுத்தான் இருப்பார்கள் தம்பி, தேவை இருந்து என்ன பண்ணியது?

சீக்கோல் விஷயத்துக்கும் வருகிறேன், கணக்குப்பிள்ளை மன்னிக்கணும். பட்டம் என்கிறீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சூசி கிங் டெய்லர் என்று ஒரு பெண், ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். 14 வயதில் வடக்கு மாநிலங்களின் படை பக்கம் வந்து, கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றோடு நாலு வருஷத்துக்கு மேல் இருந்தார். காயம் கட்டினார், வைசூரி வந்தவனையும் பார்த்தார், சிப்பாய்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார், துப்பாக்கி கூடத் துடைத்தார். படைப் பதிவேட்டில் அவர் வேலை என்ன என்று எழுதியிருந்தார்கள் தெரியுமா? வண்ணாத்தி. நாலு வருஷத்துக்கும் ஒரு டாலர் சம்பளம் இல்லை, அவர் பேரில் பென்ஷனும் இல்லை. அவருக்கு யாரும் பாசத்தில் பட்டம் கொடுக்கவில்லை, இருந்ததையே கொடுக்கவில்லை.

ஹேரியட் டப்மன் தெரியும் இல்லையா, அடிமைகளைத் தப்பிக்க வைத்தவர். ராணுவத்துக்கு உளவும் பார்த்தார், நர்ஸ் வேலையும் செய்தார். 30 வருஷம் மனுப் போட்டார். 1895-ல் கிடைத்தது மாதம் 8 டாலர், அதுவும் செத்துப்போன புருஷன் சிப்பாயாக இருந்தார் என்று விதவை பென்ஷன். நர்ஸாகச் செய்த வேலையையும் சேர்த்து 20 ஆக்கியது 1899-ல், அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிய வயசு.

இந்த மூன்று பேரும் போருக்குத் தேவைப்பட்டவர்கள்தான், உங்கள் எஜமான் அவர்களிடம் வேலையை ஒழுங்காக வாங்கிக்கொண்டார். பதிவேட்டில் என்ன எழுதுவது என்று வந்தபோதுதான் ஆளைக் காணோம். ஸ்டாப்பர்ஸ் சண்டை போட்டது அந்தப் பதிவேட்டுக்காக என்று நான் நினைக்கிறேன்.

புதுசு_2

மூன்று பேர் என்றீர்கள், சூசி, டப்மன்... மூன்றாவது யார்? சீக்கோலா?

நைட்_டியூட்டி

அடடா, எழுத மறந்துவிட்டேன், கை வேகமாகப் போய்விட்டது. ஆன் ஸ்டோக்ஸ். மிசிசிப்பி ஆற்றில் ரெட் ரோவர் என்று கடற்படையின் ஆஸ்பத்திரிக் கப்பல், அதில் கத்தோலிக்க சிஸ்டர்களோடு வேலை செய்த கறுப்பினப் பெண்களில் ஒருவர். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர், 1863-ல் சேர்ந்தார். அவருக்குச் சம்பளம் கிடைத்தது, 1890-ல் தன் சொந்தச் சேவைக்காகவே பென்ஷனும் கிடைத்தது. ஏனென்றால் கடற்படை அவரைப் பதிவேட்டில் ஏற்றியிருந்தது.

என்னவாக ஏற்றியிருந்தது என்றால், 'முதல் வகுப்புப் பையன்'. பெண்ணுக்கு என்று அவர்களிடம் ஒரு பதவிப் பெயர் இல்லை, இருந்ததில் போட்டுவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை

பையனா!

சுங்குவார்_சத்திரம்

சிஸ்டர், இதைக் கேட்ட பிறகு எனக்கு உடனே வாய் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் கட்சி மாறவில்லை. பதிவேட்டுக்கு ஆள் வேண்டும் என்பதை வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஆளின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கவைத்தது பற்றாக்குறை என்று நான் வைத்துக்கொள்கிறேன். 1944-ல் ஐரோப்பாவில் அத்தனை பேர் அடிபட்டு வந்திராவிட்டால் கிர்க் அந்த ஹோட்டல் மேடைக்கே வந்திருக்க மாட்டார்.

பழைய_பேப்பர்

வந்திருக்க மாட்டார், சரி. வந்த பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் இருந்திருந்தால்? சட்டம் போட்டு வெள்ளை நர்ஸ்களை இழுத்திருப்பார்கள், கறுப்பின நர்ஸ்கள் வாசலிலேயே நின்றிருப்பார்கள். 1918-ல் நடந்த மாதிரி.

சுங்குவார்_சத்திரம்

அது உங்கள் யூகம்.

பழைய_பேப்பர்

ஸ்டாப்பர்ஸ் பிறக்காவிட்டாலும் நடந்திருக்கும் என்று முதல் பதிவில் எழுதினீர்களே, அது என்ன, கெஜட்டில் வந்ததா?

நைட்_டியூட்டி

போதும் சாமி, போய்த் தூங்குங்கள் ரெண்டு பேரும், மணி ஒன்றரை. எனக்குப் பழக்கம், உங்களுக்கு என்ன வந்தது?